நடுக்கத்தோடு ஒரு கொண்டாட்டம்

எங்கள் பக்கத்துச் சபைகளில் ஞாயிறு ஆராதனை முடிந்து வாசலில் நின்று பேசுகிறவர்களுக்கு நடுவே ஒரு வழக்கு ஓயாமல் நடந்துகொண்டே இருக்கும். பெரியவர்கள், "கோயிலுக்குள்ள பயபக்தியே போயிட்டு, டிரம்ஸும் கைதட்டலும், ஏதோ கச்சேரிக்கு வந்த மாதிரில்லா இருக்கு" என்பார்கள். வாலிபர் சங்கத்துப் பையன்கள் விடுவார்களா? "நீங்க கீர்த்தனை பாடுறதக் கேட்டா துஷ்டி வீட்டுல உக்காந்திருக்க மாதிரி இருக்கு அண்ணாச்சி" என்று திருப்பிக் கொடுப்பார்கள். அப்புறம் டீ வரும், பேச்சு வேறு பக்கம் போய்விடும்.

இரண்டு தரப்பும் ஒரே கணக்கைத்தான் போடுகிறார்கள் என்பது என் எண்ணம். பயம் கூடினால் மகிழ்ச்சி குறையும், மகிழ்ச்சி கூடினால் பயம் போய்விடும், ஆகவே ஆளுக்கு ஒன்றைப் பிடித்துக்கொள்ள வேண்டியதுதான். வேதாகமத்தில் இந்தக் கணக்கு எங்கேயும் எடுபடுவதாக எனக்குத் தெரியவில்லை. இரண்டாம் சங்கீதம் ராஜாக்களையும் நியாயாதிபதிகளையும் கூப்பிட்டு, "பயத்துடனே கர்த்தரைச் சேவியுங்கள், நடுக்கத்துடனே களிகூருங்கள்" என்று சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கிறது. நடுங்குகிறவன் எப்படிக் களிகூருவான் என்று அங்கே விளக்கம் இல்லை. விளக்கம் வேண்டுமென்றால் ஒரு ராஜாவின் கதைக்குத்தான் போக வேண்டும்: 2 சாமுவேல் 6, அதோடு சேர்த்து 1 நாளாகமம் 13, 15, 16. பத்துக் கட்டளைக் கற்பலகைகளை வைத்திருந்த உடன்படிக்கைப் பெட்டியைத் தாவீது எருசலேமுக்குக் கொண்டுவந்த கதை. ஓய்வுநாள் பாடசாலையில் கேட்ட கதைதான், ஆனால் அங்கே ஊசா செத்தது ஒரு வாரமும் தாவீது ஆடினது இன்னொரு வாரமுமாகச் சொல்லிக் கொடுத்துவிட்டதால் இரண்டும் ஒரே கதை என்பதே பலருக்கு மனதில் நிற்பதில்லை.

பெட்டி பெரிய பொருள் ஒன்றும் இல்லை. சீத்திம் மரத்தில் செய்து பொன்தகடு பொதிந்தது, நீளம் இரண்டரை முழம், அகலமும் உயரமும் ஒன்றரை முழம். அதாவது நீளம் நாலு அடிக்கும் குறைவு. நாலு மூலையிலும் வளையம், வளையங்களில் தண்டு, அந்தத் தண்டுகளைக் கழற்றவே கூடாது என்கிறது யாத்திராகமம் 25. தோளில் வைத்துத் தூக்குவதற்கென்றே செய்தது என்று பார்த்தாலே தெரியும். சந்தேகம் இருந்தால் எண்ணாகமம் 7 தீர்த்துவைக்கும்: இஸ்ரவேலின் பிரபுக்கள் ஆறு வண்டிகளும் பன்னிரண்டு மாடுகளும் காணிக்கை கொடுக்கிறார்கள். மோசே அவற்றை ஆசரிப்புக் கூடார வேலைக்கென்று பிரித்துவைத்த கோத்திரமான லேவியருக்குப் பிரிக்கிறான், கெர்சோன் புத்திரருக்கு இரண்டு வண்டி நாலு மாடு, மெராரி புத்திரருக்கு நாலு வண்டி எட்டு மாடு. கோகாத் புத்திரருக்கு ஒன்றுமே இல்லை. பெட்டி முதலான பரிசுத்த பொருள்களைத் தோளில் சுமப்பது அவர்கள் வேலை. அதற்கும் முன்னால் 4-ம் அதிகாரத்திலேயே, அவற்றைத் தொட்டால் சாவீர்கள் என்று எச்சரிக்கை இருக்கிறது.

இந்தப் பெட்டி ஆசாரியனான ஏலியின் காலத்தில் போரில் எதிரிகளான பெலிஸ்தரிடம் பிடிபட்டு ஏழு மாதம் அவர்கள் நாட்டில் இருந்தது. போன ஊரெல்லாம் உபாதை. கடைசியில் அவர்கள் ஒரு புது வண்டி செய்து, நுகமே பூட்டாத இரண்டு கறவைப் பசுக்களைக் கட்டி, கன்றுகளை வீட்டில் அடைத்துப்போட்டு, இது எங்கே போகிறது பார்ப்போம் என்று ஓட்டிவிட்டார்கள். பசுக்கள் கத்திக்கொண்டே இடம் வலம் திரும்பாமல் நேரே பெத்ஷிமேசுக்கு வந்து நின்றன. பெலிஸ்தருக்கு எண்ணாகமம் தெரியாது, வண்டியில் ஏற்றியதற்காக அவர்களை யாரும் தண்டிக்கவும் இல்லை. பெட்டிக்குள் எட்டிப் பார்த்த பெத்ஷிமேஸ்காரர்கள்தான் அடிபட்டார்கள். பயந்துபோன ஊர் அதைக் கீரியாத்யாரீமுக்குத் தள்ளிவிட, அங்கே மேட்டின்மேல் இருந்த அபினதாப் என்பவன் வீட்டில் அது தங்கிவிட்டது. எருசலேமுக்கு மேற்கே சுமார் 15 கிலோமீட்டர், இன்றைய அபு கோஷ் ஊரை ஒட்டிய மேடுதான் அது என்பது பலருடைய கருத்து. அந்த மேட்டில் 1924-ல் எழும்பிய கத்தோலிக்க ஆலயத்துக்கு உடன்படிக்கைப் பெட்டியின் பெயரையே வைத்திருக்கிறார்கள். தாவீதுக்கு முந்தின ராஜாவான சவுல் அரசாண்ட நாளெல்லாம் அந்தப் பெட்டியை யாரும் தேடவில்லை. தேடவில்லை என்று சொல்வது தாவீதுதான்.

தாவீது தேடினான், அது அவனுக்குப் பெருமை. ஆனால் தேடின விதத்தைப் பாருங்கள். ஆயிரம்பேருக்கு அதிபதிகள், நூறுபேருக்கு அதிபதிகள், தலைவர்கள் எல்லாரையும் கூட்டி ஆலோசனை கேட்கிறான். சபையார் எல்லாரும் சம்மதம், எல்லார் பார்வைக்கும் காரியம் சரியாகப் படுகிறது. நம்முடைய பாஷையில் சொன்னால், தீர்மானம் ஏகமனதாக நிறைவேறிவிட்டது. பெட்டியை எப்படித் தூக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறதே, அதை எடுத்துப் பார்க்கலாம் என்று அந்தக் கூட்டத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை. முப்பதாயிரம் பேர் புறப்பட்டார்கள். பெலிஸ்தர் செய்த மாதிரியே ஒரு புது வண்டி. சுரமண்டலம், தம்புரு, மேளம், கைத்தாளம். முழுப் பலத்தோடும் ஆடிப்பாடினார்கள் என்கிறது நாளாகமம். ஆகவே முதல் பயணத்தில் மகிழ்ச்சிக்குக் குறைவே இல்லை. இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது, பின்னால் வருகிறேன்.

ஒரு களத்தின் அருகே வரும்போது மாடுகள் மிரள்கின்றன, வண்டி அசைகிறது, பக்கத்தில் நடந்துவந்த அபினதாபின் மகன் ஊசா கையை நீட்டிப் பெட்டியைப் பிடிக்கிறான். அங்கேயே செத்து விழுகிறான்.

ஊசா பாவம் இல்லையா என்று கேட்காதவர்கள் கிடையாது. விழப்போனதைத்தானே பிடித்தான்? எனக்கும் இந்த இடத்தில் சமாதானமான பதில் கிடையாது, தாவீதுக்கும் கிடைக்கவில்லை, அவன் விசனப்பட்டான் என்று வசனமே சொல்கிறது. ஆனால் ஒன்று எனக்குத் தோன்றும். அந்தப் பெட்டி பல வருஷம் ஊசாவின் வீட்டிலேயே இருந்தது. விளையாடும்போதும் சாப்பிடும்போதும் தூங்கும்போதும் அதே கூரையின்கீழ். மாடு மிரண்டதும் சட்டென்று நீளுகிற கை, அது வீட்டுப் பொருளைப் பிடிக்கிற கை. கர்த்தருடைய பெட்டி என்று யோசித்து நீண்ட கை இல்லை. இது என் யூகம்தான், வசனத்தில் இல்லை. ஆனால் கோயில் வளாகத்திலேயே வளர்ந்தவர்கள், பாடகர் குழுவில் பல காலம் பாடினவர்கள், நற்கருணைப் பாத்திரத்தைத் துலக்கி வைக்கிறவர்கள், நாம் எல்லாரும் இந்த யூகத்தைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்கலாம்.

வாத்தியம் நின்றுபோனது. முப்பதாயிரம் பேர் வீட்டுக்குப் போயிருப்பார்கள். கர்த்தருடைய பெட்டி என்னிடத்தில் எப்படி வரும் என்று தாவீது பயந்துவிட்டான். பயந்து, பெட்டியை ஓபேத்ஏதோம் என்ற கித்தியன் (காத் ஊர்க்காரன்) வீட்டில் இறக்கிவிட்டான்.

எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த ஆள் ஓபேத்ஏதோம்தான். அவனுக்கு அங்கே ஒரு வசனம்கூடப் பேசக் கொடுக்கவில்லை. சற்று முன்னால் ஒருவனைக் கொன்றுபோட்ட பெட்டி, ராஜாவே வேண்டாம் என்று ஒதுக்கின பெட்டி, அது தன் வாசலில் வந்து இறங்கும்போது அந்த வீட்டில் என்ன பேசிக்கொண்டிருப்பார்கள்? அந்த வீட்டு அம்மா பிள்ளைகளை எத்தனை தடவை அந்த அறைப்பக்கம் போகாதே என்று விரட்டியிருப்பாள்? மூன்று மாதம் இருந்தது. மூன்று மாதமும் அந்த வீட்டில் யாரும் சாகவில்லை. அவனையும் அவன் வீட்டார் அனைவரையும் கர்த்தர் ஆசீர்வதித்தார். அதே பெட்டி. பின்னால் நாளாகமத்தில் வாசல்காவலாளர் வரிசையிலும் சுரமண்டலம் வாசிக்கிறவர் வரிசையிலும் ஓபேத்ஏதோம் என்ற பெயர் வருகிறது. அதே ஆளா, பெயர் மட்டும் ஒன்றா என்று விவாதம் உண்டு. அதே ஆள்தான் என்று நினைத்துக்கொள்ள எனக்கு ஆசை. பயந்து பயந்து பெட்டியோடு மூன்று மாதம் குடியிருந்தவன், அது தன் வீட்டை விட்டுப் போகும்போது, சரி தொல்லை விட்டது என்று கதவைச் சாத்தாமல் கூடவே கிளம்பிப் போய்விட்டான்.

இந்தச் செய்தி தாவீதின் காதுக்கு எட்டுகிறது. அவன் திரும்பவும் கிளம்புகிறான், இந்தத் தடவை பாடம் படித்துவிட்டு. லேவியரைக் கூப்பிட்டு, முதலில் நீங்கள் சுமக்கவில்லை, நாம் நியாயப்படி அவரைத் தேடவில்லை, அதனால்தான் நமக்கு அடி விழுந்தது என்று சொல்கிறான். ஊசாவின் தலையில் பழியைப் போட்டுவிட்டு நகரவில்லை, 'நாம்' என்கிறான். லேவியர் தங்களைப் பரிசுத்தம்பண்ணிக்கொள்கிறார்கள், தண்டுகளைத் தோளில் வைக்கிறார்கள், நடக்கிறார்கள்.

பெட்டியைச் சுமந்தவர்கள் ஆறு தப்படி நடந்ததும் தாவீது மாடுகளையும் கொழுத்த ஆட்டுக்கடாக்களையும் பலியிட்டான் என்று சாமுவேல் புத்தகம் எழுதிவைத்திருக்கிறது. ஆறே ஆறு தப்படி. தண்டு தோளில் அழுந்துகிறது. முன்னால் போகிறவனுக்குப் பின்னால் இருப்பவன் முகம் தெரியாது. கூட்டம் முழுக்க அந்தக் கால்களையே பார்த்துக்கொண்டிருக்கும். ஒன்று. இரண்டு. யாரும் விழவில்லை. மூன்று. ஆறாவது தப்படியில் யாரோ ஒருவன் அடக்கிவைத்திருந்த மூச்சை விட்டிருப்பான், அந்த இடத்திலேயே பலி. அதன் பிறகுதான் தாவீது ஆடுகிறான். ராஜ உடுப்பை விட்டு, ஆசாரியர் உடுத்துகிற சணல்நூல் ஏபோத்தைக் கட்டிக்கொண்டு, தன் முழு பலத்தோடும்.

முதல் பயணத்திலும் ஆடிப்பாடினார்கள், இரண்டாம் பயணத்திலும் ஆடுகிறார்கள். நடுவில் வந்தது ஒரு சாவும் மூன்று மாதப் பயமும். பயம் வந்ததால் மகிழ்ச்சி குறைந்திருக்க வேண்டும், இல்லையா? தாவீது இந்தத் தடவை வாத்தியங்களை வீட்டில் வைத்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு, தலைகுனிந்து நடந்திருக்க வேண்டும். நம்மில் பலர் அப்படித்தான் செய்வோம், அதற்குப் பயபக்தி என்று பெயரும் வைப்போம். அவனோ முன்பைவிட அதிகமாக ஆடுகிறான், தான் ராஜா என்பதே மறந்துபோகிற அளவுக்கு. முதல் தடவை அவர்கள் கொண்டாடியது, கொஞ்சம் கூர்ந்து பார்த்தால், தங்கள் ஏற்பாட்டைத்தான் என்று எனக்குப் படும். எவ்வளவு பேர், எவ்வளவு வாத்தியம், வண்டி எவ்வளவு புதுசு. இரண்டாம் தடவைதான் பெட்டிக்கு உரியவர் யார் என்று தெரிந்து, அவர் தங்களோடு வரச் சம்மதித்திருக்கிறார் என்ற ஆச்சரியத்தில் ஆடுகிறார்கள். யார் என்று தெரிந்தால் பயம் வரும். அப்படிப்பட்டவர் நம்மோடு வருகிறார் என்றால் சந்தோஷம் வரும்.

தாவீதின் மனைவி மீகாள் ஜன்னல் வழியாகப் பார்த்தாள், தன் இருதயத்தில் அவனை அவமதித்தாள். இங்கேதான் நம் பெரியவர்களோடு எனக்கு ஒரு சின்னப் பிணக்கு. மீகாளின் ஆட்சேபத்தைக் கேட்டால் பயபக்தி போலவே தோன்றும்: ராஜா இப்படியா நடந்துகொள்வது, வேலைக்காரிகள் பார்க்க? ஆனால் அவள் கவலைப்பட்டது ராஜாவின் கௌரவத்துக்கு. கர்த்தருடைய கௌரவம் அவள் பேச்சில் வரவே இல்லை. அவள் சவுலின் மகள், பெட்டியை யாரும் தேடாத வீட்டில் வளர்ந்தவள். நம் சபைகளில் பயபக்தி என்று நாம் காப்பாற்றுவதில் எவ்வளவு தேவபயம், எவ்வளவு குடும்ப கௌரவம், எவ்வளவு இஸ்திரி போட்ட வேட்டி என்று பிரித்துப் பார்ப்பது நல்லது. பையன்களுக்கும் சொல்ல இருக்கிறது: முதல் பயணத்து வாத்தியங்களும் நல்ல வாத்தியங்கள்தான்.

பெட்டி வந்து சேர்ந்த அன்று லேவியப் பாடகனான ஆசாப்பும் அவன் சகோதரரும் பாடின பாட்டு 1 நாளாகமம் 16-ல் இருக்கிறது, அதன் பெரும் பகுதி 96-ம் சங்கீதத்திலும் 105-ம் சங்கீதத்திலும் இருப்பதுதான். பூலோகத்தார் யாவரும் அவருக்கு முன்பாக நடுங்கட்டும் என்று பாடுகிறார்கள், கையோடு அடுத்த வரியிலேயே வானங்கள் மகிழட்டும், பூமி பூரிக்கட்டும். கொஞ்சம் தள்ளிப் போனால் மரங்கள்கூடப் பாடுகின்றன. பாடகர் தலைவன் யாராவது, இது என்ன, சோக ராகமா சந்தோஷ ராகமா, தீர்மானமாகச் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தால் ஆசாப் என்ன சொல்லியிருப்பானோ.

லேவியராகமம் 9-ன் கடைசி வசனத்தையும் பாருங்கள். கர்த்தருடைய சந்நிதியிலிருந்து அக்கினி புறப்பட்டுப் பலிபீடத்தின்மேல் இருந்ததைப் பட்சிக்கிறது. ஜனங்கள் ஆரவாரித்து முகங்குப்புற விழுகிறார்கள். ஆரவாரமும் விழுகையும் ஒரே நேரத்தில், அதே ஜனங்களுக்கு. அடுத்த வசனத்தில் ஆரோனின் மகன்களான நாதாபும் அபியூவும் அந்நிய அக்கினியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள் என்பது வேறு கதை.

சரி, பூரண அன்பு பயத்தைப் புறம்பே தள்ளும் என்று யோவான் எழுதினாரே என்று கேட்பீர்கள். எழுதினார், அந்தப் பயம் தண்டனையை எதிர்பார்த்து ஒளிகிற பயம் என்பது அந்த வசனத்தைத் தொடர்ந்து வாசித்தாலே புரியும். சீனாய் மலையடியில் மோசே ஜனங்களிடம் சொன்னதும் இதற்குப் பக்கத்தில் வரும்: பயப்படாதிருங்கள், தேவனைப் பற்றும் பயம் உங்கள் முன்பாக இருக்கும்படிதான் அவர் எழுந்தருளினார். ஒரு பயத்தை விடச் சொல்லி இன்னொரு பயத்தைக் கையில் கொடுக்கிறான். 130-ம் சங்கீதம் இன்னும் விநோதம், உமக்குப் பயப்படும்படிக்கு உம்மிடத்தில் மன்னிப்பு உண்டு என்கிறது. தண்டிப்பீர் என்பதால் பயம் என்றிருந்தால் நமக்குச் சுலபமாகப் புரிந்திருக்கும். மன்னித்துவிட்டார் என்பதால் வருகிற பயம் எப்படி இருக்கும் என்பது, பெரிய குற்றம் ஒன்று செய்துவிட்டு அப்பா கை ஓங்குவார் என்று காத்திருந்தபோது அவர் ஒன்றும் சொல்லாமல் சாப்பிடக் கூப்பிட்ட பிள்ளைக்குத் தெரியும். அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை அப்பாவைச் சாதாரணமாக நினைக்காது.

இயேசு உயிர்த்தெழுந்த காலையில் அவர் கல்லறையில் என்ன நடந்தது என்று மத்தேயு சொல்வதை இதோடு வைத்துப் பார்க்கலாம். ஒரே தூதன், ஒரே பூமியதிர்ச்சி. காவலாளர் பயத்தில் நடுங்கிச் செத்தவர்கள் போலானார்கள். ஸ்திரீகளும் பயந்தார்கள், ஆனால் அவர்கள் பயத்தோடும் மகா சந்தோஷத்தோடும் ஓடினார்கள். காவலாளருக்கு அந்தக் கல்லறை ஒரு டியூட்டி. ஸ்திரீகள் தேடி வந்தது ஒருவரை. வழியில் இயேசு எதிர்ப்படுகிறார், அவர்கள் கிட்ட வந்து அவர் பாதங்களைப் பிடித்துக்கொண்டு பணிகிறார்கள். கை நீட்டிப் பிடித்தவர்கள் யாரும் அங்கே சாகவில்லை. ஊசாவின் கதையை வாசித்துவிட்டு நேரே இந்த இடத்துக்கு வந்தால் உடம்பு சிலிர்க்கத்தான் செய்யும். பிடித்தவர்களைப் பார்த்து அவர் சொல்வதும், பயப்படாதிருங்கள்.

இவ்வளவையும் வைத்துக்கொண்டு நடைமுறையில் என்ன செய்வது என்று கேட்டால், எனக்குத் தெரிந்து இதற்கு மிகவும் சாதாரணமான ஒரு வழியை உபாகமம் 14 சொல்கிறது. தானியம், திராட்சரசம், எண்ணெய் இவற்றின் தசமபாகத்தையும் ஆடுமாடுகளின் தலையீற்றுகளையும் கர்த்தர் தெரிந்துகொள்ளும் இடத்துக்குக் கொண்டுபோய் அங்கே சாப்பிட வேண்டும். எதற்காக? கர்த்தருக்கு எப்பொழுதும் பயந்திருக்கப் பழகும்படிக்கு. ஊர் தூரமாக இருந்தால் பணமாக்கிக் கொண்டுபோய், உன் மனம் விரும்புகிற ஆடோ மாடோ வாங்கி, நீயும் உன் குடும்பமும் சாப்பிட்டுச் சந்தோஷப்படுங்கள். பயம் பழக உபவாசம் போடச் சொல்லியிருந்தால் யாரும் ஆச்சரியப்பட மாட்டோம், இங்கே பந்தி போடச் சொல்கிறது.

திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்களுக்கு இதைப் புரியவைக்க ரொம்ப மெனக்கெட வேண்டாம், நமக்கு அசனம் என்ற சபை விருந்து இருக்கிறது. காலையில் ஆராதனை, முக்காடு போட்ட பெண்கள் பலிபீடத்துக்கு முன் முழங்காலில் நின்று நற்கருணை வாங்கிக் கண் திறக்காமல் திரும்பி வருவார்கள். அப்போது பின்பக்கப் பந்தலிலிருந்து கறிக்குழம்பு வாசம் ஜன்னல் வழியாகக் கோயிலுக்குள் வந்துகொண்டிருக்கும். ஒன்றரை மணி நேரம் கழித்து அதே அம்மாக்கள் பந்தியில் உட்கார்ந்து, "இங்கிட்டு இன்னும் ரெண்டு துண்டு வையும்வே" என்று பரிமாறுகிற சபை மூப்பரை அதட்டிக்கொண்டிருப்பார்கள். முதலாவது ஆராதனை, இரண்டாவது வெறும் சாப்பாடு என்று நாம் பிரித்துவிட்டோம். உபாகமம் பிரிக்கவில்லை. தாவீதும் பிரிக்கவில்லை, பெட்டியைக் கூடாரத்தில் வைத்ததும் அவன் ஆண் பெண் எல்லாருக்கும் ஆளுக்கொரு அப்பமும் இறைச்சித்துண்டும் கொடுத்துத்தான் அனுப்பினான்.

இந்த வருஷ அசனத்துக்குச் சேகரக் கமிட்டி கூடும்போது, செலவு அதிகம், பொட்டலமாகக் கொடுத்துவிடலாம் என்ற பேச்சு எப்படியும் வரும். அப்போது உபாகமம் 14-ஐ 22-ம் வசனத்திலிருந்து ஒரு தடவை வாசித்துவிட்டு ஆரம்பிக்கலாம் என்று சொல்லிப் பார்க்கப் போகிறேன். 27-ம் வசனம் லேவியனைக் கைவிடாதே என்று முடிவதால் எங்கள் போதகர் ஐயரும் ஆட்சேபிக்க மாட்டார் என்று நம்புகிறேன்.